பள்ளிக்கும் இல்லத்துக்கும் நடுவே ஒரு படி

மக்களைப் பெற்றோரும் அம்மக்களுக்குக் கல்வி பயிற்றுவோரும் ஒரு நுகத்திற் பூட்டிய இரண்டு எருதுகளை ஒப்பர். இருவரும் ஒருவழி நடப்பின் உழவு நடைபெறும். ஒருவர் கிழக்கும் ஒருவர் மேற்குமாக இழுப்பின் ஏர் முறியும், நிலமும் தரிசாகும். பார்வை குன்றிய குழந்தை, செவிப்புலன் அற்ற குழந்தை, அறிவு வளர்ச்சியில் தளர்நடையுடைய குழந்தை, படிக்கும்போது எழுத்துக்கள் தம்முள் மயங்கப்பெறும் குழந்தை ஆகிய இவர்தம் திறத்திலேயே இவ்விழுபறி பெரிதும் நேர்கின்றது. இக்குழந்தைகளுக்கு அவரவர் தேவைக்கேற்ப அளிக்கப்படும் கல்வியைச் சிறப்புக் கல்வி என்று இந்நாளில் வழங்குகின்றோம். அதுபற்றிக் குடும்பத்தார்க்கும் பள்ளியார்க்கும் இடையே எழும் பிணக்கைத் தீர்க்கும் வழி யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இளையோராகிய எமக்கு இத்தகைய வழக்கில் வாய்திறக்க என்ன தகுதி என்று பெரியோர் வினவலாம். தன் இளமை கண்டு வழக்காடுவோர் ஐயுற்றபோது, கரிகாற்சோழன் நரைமுடி புனைந்து வந்து முறை வழங்கினான் என்பது பழங்கதை. எமக்கு அந்நரைமுடியும் இல்லை. முறை வழங்கும் எண்ணமும் இல்லை. வகுப்பறைப் பலகையை விட்டு நீங்கி நெடுநாள் ஆகாதவர் என்னும் ஒரு தகுதியே உண்டு. கடைசிப் பலகையில் ஒரு குழந்தை பேசாது அமர்ந்திருப்பது எத்தகையது என்பதைப் பெரியோரினும் அண்மையிற் கண்டவர் யாம். ஆதலின் இதனைப் பொறுத்தருளிப் படிக்க வேண்டுகின்றோம்.

முதற்கண் நம் புதுக்கோட்டையின் பழஞ்செய்தி ஒன்றை நினைவு கூர்வோம். 1886ஆம் ஆண்டு இந்நகரிற் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் உயர்கல்வி வேண்டி மகாராசர் கல்லூரியை நாடியபோது, அஃது ஆடவர் மட்டுமே பயின்ற இடமாயிருந்தது. பெண்ணொருத்தி அங்கே வந்து பயில்வதா என்று எதிர்ப்பு எழுந்தது. தந்தையார் மகள் பக்கம் நின்றார். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். அம்மையார் சேர்ந்து பயின்றார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்று, நாடு போற்றும் மருத்துவராகவும் சட்டமன்றத் துணைத்தலைவராகவும் விளங்கினார். இது சிறப்புக் கல்வி பற்றிய வழக்கன்று. ஆயினும் வழக்கின் வடிவம் ஒன்றே. குடும்பம், 'எம் குழந்தை கற்க வல்லது' என்கின்றது; எதிர்நின்றோர், 'இவ்விடம் இக்குழந்தைக்காக அமைந்ததன்று' என்கின்றனர். இரண்டற்கும் இடையே நின்று முடிவு கூற அன்று ஓர் அரசர் இருந்தார்.

அவ்வரசர் நன்முடிவு செய்தார் என்று மகிழும் நாம், மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசர் அருளால் திறந்த கதவு அரசர் அருளின்றேல் மூடியே கிடந்திருக்கும். அரண்மனை வரை செல்லும் வகையற்ற வீட்டுக் குழந்தைக்கு அக்கதவு உண்டென்பதே தெரிந்திராது. 1948 மார்ச்சு 3ஆம் நாள் புதுக்கோட்டைச் சமத்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. 1974 சனவரி 14ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. முடியாட்சி போய்க் குடியாட்சி வந்தபின், ஒருவர்தம் அருளுக்குக் காத்திருக்கும் நிலை போய் உரிமை வருதல் வேண்டுமன்றோ?

உரிமை வந்துளது என்பதில் ஐயமில்லை. 2009ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2010 ஏப்பிரல் முதலாக நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகட்கெல்லாம் கட்டணமின்றிக் கல்வி அளித்தல் வேண்டும் என்றது. 2012ஆம் ஆண்டின் திருத்தம் மாற்றுத்திறனுடைய குழந்தைகளை அதனுள் தெளிவுறச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒருபடி மேற்சென்றது. அது 21 வகைக் குறைபாடுகளை எண்ணிக் கூறி, வேற்றுமை காட்டாது பள்ளியிற் சேர்த்தல், கட்டடத்தை யாவரும் புழங்கத்தக்கதாய் அமைத்தல், ஒவ்வொரு குழந்தைக்கும் வேண்டிய தனித்துணை நல்குதல், கற்றற் குறைபாட்டை விரைவிற் கண்டறிதல் ஆகியவற்றைக் கல்வி நிலையங்களின் கடமையாகக் காட்டிற்று. குறைபாடு நூற்றுக்கு 40 பங்கும் அதற்கு மேலும் உடைய குழந்தை, 6 வயது முதல் 18 வயது வரை, அண்மைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தான் விரும்பிய இடத்திற் கட்டணமின்றிப் பயிலலாம் என்றும் அச்சட்டம் விதிக்கின்றது. 'தான் விரும்பிய' என்னும் அச்சொற்கள் உற்று நோக்கத் தக்கன. 'இவனைச் சிறப்புப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள்' என்று பள்ளியார் கூறுவது அறிவுரையாகலாம், கட்டளையாகாது.

இத்துணைத் தெளிவாகச் சட்டம் இருந்தும் பிணக்கு ஏன் எழுகின்றது? இரு திறத்தார் கூற்றையும் நடுநின்று கேட்போம்.

குடும்பத்தார் கூறுவது: 'எம் மகனைச் சேர்த்துக்கொண்டனர், ஆனால் கற்பிப்பார் இல்லை. வருகைப் பதிவேட்டிற் பெயருண்டு. வகுப்பில் அவனை ஒருவரும் ஒரு வினாவும் கேட்பதில்லை. சக்கர நாற்காலி செல்லும் சாய்தளம் உண்டு. கழிவறைக்குள் அந்நாற்காலி நுழைவதில்லை. பொதுத்தேர்வில் மொழிப்பாட விலக்கும், சொல்வதை எழுதுவார் துணையும், மிகுதி நேரமும் உண்டென்பதைக் காலங்கடந்து அறிந்தோம். மருத்துவச் சான்று பெறுதற்கு நாள் போதவில்லை.'

ஆசிரியர் கூறுவது: 'நாற்பது பிள்ளைகள் ஒருவரை நோக்கி அமர்ந்திருக்கும் வகுப்பில், ஆட்டிசம் உடைய குழந்தை அஞ்சி அலறும்போது யாரைக் கவனிப்பது? எமக்கு அப்பயிற்சி அளிக்கப்படவில்லை. சிறப்பாசிரியர் வட்டார வள மையத்திலிருந்து பள்ளிதோறும் சுற்றி வருகின்றார். எம் பள்ளிக்கு அவர் வரும் நாள் சிலவே. எழுத்திற் குழந்தை இடர்ப்படுவதைக் கண்டு பெற்றோர்க்குக் கூறினால், "என் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை" என்று சினந்து செல்கின்றனர்.'

இவ்விரண்டும் மெய்யே. ஆசிரியர் கூற்றுக்கு உச்ச நீதிமன்றமே சான்றாகும். ரசனீசு குமார் பாண்டே தொடுத்த வழக்கில் 2021 அக்டோபரில் அம்மன்றம் வழங்கிய தீர்ப்பு, பொதுப் பள்ளிகளிற் சிறப்பாசிரியர் தொகை போதாமையை எடுத்துக்காட்டி, மாணவர்க்கேற்ற ஆசிரியர் விகிதத்தை வகுக்கப் பணித்தது. அதன்பின் நடுவணரசு, தொடக்க வகுப்புகளில் மாற்றுத்திறனுடைய மாணவர் 10 பேர்க்கும், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேர்க்கும் ஒரு சிறப்பாசிரியர் என்று வரையறுத்தது. தமிழ்நாட்டில் இப்பணி செய்வோர் பெரும்பாலும் ஒப்பந்த முறையிற் குறைந்த தொகுப்பூதியம் பெற்று உழல்வோர். தம் நாளையப் பிழைப்பே உறுதியற்றவரிடம் ஒரு குழந்தையின் பத்தாண்டுக் கல்வியை உறுதி செய்க என்று கேட்கின்றோம். ஆதலின் பிணக்குக்கு வேர் தனிமனிதர் தீக்குணத்தில் மட்டும் இல்லை, பற்றாக்குறையில் உளது. ஆயினும் அப்பற்றாக்குறையின் சுமையைத் தாங்குவது ஆசிரியரோ பெற்றோரோ அல்லர், அக்குழந்தையே.

இனித் தீர்க்கும் வழிக்கு வருவோம். மத்தேயு எழுதிய நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், பிணங்கிய சகோதரர் திறத்துக் கைக்கொள்ளத்தக்க முறை ஒன்று கூறப்பட்டுளது. முதலில் அவர் இருவரும் தனித்துப் பேசுதல். அதனால் ஆகாதபோது ஒருவரையோ இருவரையோ உடன்கொண்டு பேசுதல். அதனாலும் ஆகாதபோது சபைக்கு அறிவித்தல். மூன்று படிகள். இதன் நுட்பம் நடுப்படியில் உளது என்பது எம் கருத்து. தனித்துப் பேசும்போது வலியவர் சொல்லே மேலோங்கும். சபைக்குச் சென்றபின்னோ ஒருவர் வென்றார் ஒருவர் தோற்றார் என்பதாகி, உறவு முறியும். உடன்வரும் ஓரிருவரே, வலியவரை அடக்கி மெலியவரைத் தாங்கி, இருவரும் மறுநாள் முகம் நோக்கத்தக்க முடிவுக்குக் கொணர வல்லர்.

நம் நாட்டுச் சட்டத்தில் முதற்படி உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்காற்பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும். பாதியினர் பெண்டிராயிருத்தல் வேண்டும். மூன்றாம் படியும் உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் முறையிடலாம். அவ்வமைப்பு இருதரப்பையும் கேட்டு மூன்று மாதத்தில் முடிவு கூறல் வேண்டும். அதன்மேற் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேன்முறையீடு உண்டு. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். சாட்சியை அழைக்கவும் ஆவணங்களை வருவிக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள ஆற்றல் அவர்க்கு உண்டு. இவையாவும் வேண்டுவனவே. ஆனால் மணமேல்குடிக் கடற்கரையில் வலை இழுக்கும் தந்தையும், பொன்னமராவதிப் பக்கம் நூறுநாள் வேலைக்குச் செல்லும் தாயும், சென்னைக்கு விண்ணப்பம் எழுதி விடைக்குக் காத்திருத்தல் எளிதோ? மூன்று மாதம் என்பது வழக்கறிஞர்க்குக் குறுகிய காலம். பத்து மாதப் பள்ளி ஆண்டில் அஃது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. காலாண்டுத் தேர்வு முடிந்து அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது வரும் தீர்ப்பு, தேர் சென்றபின் வடம் வந்தது போலாகும்.

நடுப்படியோ நம்மிடம் செவ்வையாக அமையவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவே அதுவாகட்டும் எனின், தலைமையாசிரியரும் அக்குழுவின் அங்கமாதலின், பிணக்கில் ஒரு தரப்பாய் நிற்பவரே நடுவராகவும் அமரும் இடர்ப்பாடு உண்டு. 2017ஆம் ஆண்டு நடுவணரசு வகுத்த விதிகள், மாற்றுத்திறனுடைய குழந்தைகளின் சேர்க்கை முதலியன பற்றிக் கவனிக்க மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஓர் அலுவலர் இருத்தல் வேண்டும் என்று கூறுகின்றன. நன்று, ஆயினும் 13 ஒன்றியங்கள் அடங்கிய மாவட்டத்துக்கு ஒருவர் எங்ஙனம் எல்லாப் பள்ளிக்கும் உடன்சென்று அமர இயலும்?

பிறநாட்டார் இதனை எவ்வாறு அமைத்தனர் என்று காண்போம். அமெரிக்க நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டம், சிறப்புக் கல்விக்குரிய ஒவ்வொரு குழந்தைக்கும் பெற்றோரும் ஆசிரியரும் கூடி எழுதும் தனிக் கல்வித் திட்டம் ஒன்றை வேண்டுவதாக்கிற்று. பிணக்குற்றோர் நடுவர் விசாரணை கோரலாம் என்றது. ஆனால் அவ்விசாரணைகள் செலவும் பகையும் வளர்த்தமை கண்டு, 1997இல், இருவரும் இசையின் சமரசம் பேசும் வாய்ப்பை ஒவ்வொரு மாநிலமும் அளித்தல் வேண்டும் என்று திருத்தினர். சமரசம் செய்வோர்க்குரிய செலவு அரசினுடையது. அங்குப் பேசுவன வெளிப்படா. முடிவு எழுத்தில் அமைந்து இருவரும் கையொப்பம் இடுவர். அது நீதிமன்றத்தில் நிறைவேற்றத்தக்கது. இவை எல்லாவற்றினும் சிறந்த விதி ஒன்றும் அங்கு உண்டு. விசாரணை முடியும்வரை, பெற்றோரும் கல்வித்துறையினரும் வேறு வகையாக இசைந்தாலன்றிக் குழந்தை தான் அதுவரை இருந்த வகுப்பிலேயே இருக்கும். இங்கிலாந்திலும் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தீர்ப்பாயத்துக்குச் செல்லுமுன் பெரும்பாலான வழக்குகளில் சமரசம் பற்றிய அறிவுரையைப் பெற்றோர் கேட்டல் வேண்டும். அயல்நாட்டு வழக்கை அப்படியே இங்கு நடுதல் ஆகாது. அம்மண்ணின் செல்வமும் ஆசிரியர் தொகையும் வேறு. ஆயினும் வித்தை எடுத்து நம் மண்ணில் விதைத்தல் தவறன்று.

விதைத்தற்கு ஏற்ற நிலமும் நம்மிடம் உண்டு. 2005ஆம் ஆண்டிலேயே சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திற் சமரச மையம் தொடங்கப்பெற்றது. நீதிமன்றத்தோடு இணைந்த அத்தகைய மையங்களுள் இந்தியாவில் முன்னோடி அதுவே. இன்று மாவட்ட நீதிமன்றங்களிலும் சமரச மையங்கள் உள. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் மாற்றுத்திறனாளிகட்கும் வருவாய் கருதாது இலவசச் சட்ட உதவி அளிக்கின்றது. ஆகவே புதிய கட்டடம் ஒன்றும் எழுப்ப வேண்டுவதில்லை. இருப்பனவற்றை ஒன்றோடொன்று இணைக்க வேண்டுவதே குறை.

ஆதலின் யாம் விண்ணப்பிப்பன ஐந்து. முதலாவது, குறைபாடுடைய குழந்தை சேர்ந்த ஒரு திங்களுக்குள், அக்குழந்தை இவ்வாண்டு எதனைக் கற்கும், யார் கற்பிப்பார், என்ன துணை வேண்டும் என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் ஒரு தாளில் எளிய தமிழில் எழுதிக் கையொப்பமிடுக. பிணக்குகளிற் பல, 'நீர் அன்று கூறினீர்', 'யாம் கூறவில்லை' என்பதில் தொடங்குவன. எழுதிய தாள் ஒன்று இருப்பின் அவற்றிற் பாதி எழா. இரண்டாவது, ஒன்றியந்தோறும் இருவரை நடுவராகப் பயிற்றுக. ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மற்றவர் மாற்றுத்திறனுடைய பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய வேற்றூர்த் தாயோ தந்தையோ ஆகுக. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இவர்கட்குப் பயிற்சியும் வழிச்செலவும் அளிக்க. மூன்றாவது, முறையீடு வந்த முப்பது நாளுள் பேச்சு முடிக. நான்காவது, அதுவரை குழந்தை வகுப்பிலிருந்து நீக்கப்படாதிருக்க. ஐந்தாவது, பேசி முடிந்ததை எழுதி இருவர்க்கும் படி தருக. முடியாதது தடையின்றி மேற்படிக்குச் செல்க.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். 'உரிமையைச் சமரசம் பேசுவதா? பேரம் பேசின் எளியவர் இழப்பரே' என்பது ஒன்று. மிக நேரிய அச்சம் இது. ஆகவே கோடொன்று கிழித்தல் வேண்டும். குழந்தை பள்ளியில் இருக்கலாமா என்பது பேச்சுக்குரிய பொருளன்று. அதனைச் சட்டம் முடிவு செய்துவிட்டது. சேர்க்க மறுத்தலும் வேற்றுமை காட்டலும் நேரே ஆணையரிடம் செல்லத் தக்கன. எவ்வாறு கற்பிப்பது, எந்நேரம், யார் துணையோடு என்பனவே இருவரும் அமர்ந்து பேசத் தக்கன. 'இது கட்டப்பஞ்சாயத்து ஆகாதோ?' என்பது மற்றொன்று. ஊரில் வலியவர் சாதியும் செல்வமும் துணையாக அமர்ந்து மெலியவரை வணங்கச் செய்வது கட்டப்பஞ்சாயத்து. அதனால் அன்றோ நடுவர் வேற்றூரார் ஆகுக என்றும், தீர்ப்பு வழங்கும் அதிகாரம் அவர்க்கு இல்லை என்றும், முடிவு எழுத்தில் அமைக என்றும் வேண்டினோம். நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அத்துணை அரிய பண்பாதலின் அது பயிற்சியாலும் விதியாலும் காக்கப்படுதல் வேண்டும்.

இனி, திருச்சபைப் பள்ளிகளை நோக்கி ஒரு சொல். அவற்றின் நிழலில் வளர்ந்த உரிமையால் இதனைக் கூறுகின்றோம். 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, சிறுபான்மையோர் பள்ளிகளைக் கல்வி உரிமைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்புரைத்தது. அத்தீர்ப்பை நம்முட் சிலர் மாற்றுத்திறனுடைய குழந்தையை வாயிலில் நிறுத்தும் கேடயமாகக் கொள்ளுதல் தகாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் ஏற்புப் பெற்ற பள்ளிகளையும் கருதியே பேசுகின்றது. சட்டம் கிடக்க, நம் முன்னோர் செய்தது யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் ஆசுகுவித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், பிளாரன்சு சுவெயின்சன் அம்மையார் செவிப்புலன் அற்றோர்க்கும் கல்வி தொடங்கினர். அன்று அவர்களை ஏவிய சட்டம் ஏதும் இல்லை. 'இக்குழந்தைகள் கற்க வல்லவர்' என்று ஊரார்க்கு எடுத்துக்காட்டியவர் மிசியோனரிமார். அவர்தம் வழித்தோன்றல்கள், 'இக்குழந்தை எம் பள்ளித் தேர்ச்சி விகிதத்தைக் குறைக்கும்' என்று கூறுதல் தம் பிறப்புரிமையை விற்றல் ஆகும். மேற்கூறிய ஐந்தினுள் முதலாவதும் நான்காவதும் செய்ய அரசாணை வேண்டுவதில்லை; தாளாளர் ஒருவர் மனம் வைத்தாற் போதும். நம் பள்ளிகள் அவற்றை வரும் சூன் மாதமே தொடங்கலாம்.

நம் கல்லூரிக்கும் இதிற் பங்குண்டு. இதனைப் படிக்கும் தோழரிற் பலர் நாளை ஆசிரியராவர், சிலர் வழக்கறிஞராவர், பெரும்பாலோர் பெற்றோராவர். அந்நாளில் இம்மேசையின் எந்தப் பக்கத்தில் அமர நேருமென்று இன்று நம்மில் ஒருவரும் அறியோம். ஆதலின் எப்பக்கம் அமர்வார்க்கும் நியாயமான முறை ஒன்றை இன்றே ஆக்கி வைத்தல் நமக்கே நலமாகும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், தம் ஊர்ப் பள்ளியில் இத்தகைய குழந்தை உளதாயின், அதன் பெற்றோர்க்குச் சட்டம் கூறுவதைத் தமிழிற் படித்துக்காட்டலாம். தேர்வுச் சலுகைக்குரிய விண்ணப்பத்தை உரிய காலத்தில் எழுதிக் கொடுக்கலாம். நற்றமிழ் கற்றதன் பயன் விண்ணப்பம் எழுதுவதிலும் விளங்கட்டும்.

யாம் முன்னர்ச் சுட்டிய அதிகாரத்தில், பிணக்குத் தீர்க்கும் முறை பின்னரே வருகின்றது. தம்முள் யார் பெரியவர் என்று வினவிய சீடர் நடுவே ஆண்டவர் சிறு பிள்ளை ஒன்றை நிறுத்தியதே அதன் தொடக்கம். பள்ளியும் இல்லமும் வழக்காட அமரும்போதெல்லாம் அவ்வரிசையை மறவாதிருத்தல் வேண்டும். புதுக்கோட்டைக் கல்வித்துறையினரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவினரும், நம் திருச்சபைப் பள்ளிகளின் தாளாளரும் இந்நடுப்படியை அமைக்க ஆவன செய்வார்களாக.